துண்டுக்குள் நாலு நாற்பத்தெட்டு

என் வாட்சின் முகத்தை யாரும் தொடக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொன்னால், பாவம், பெரியவர் ஏதோ பழைய ஞாபகத்தில் உருகுகிறார் என்று நினைத்துக்கொள்வீர்கள். உருகவெல்லாம் இல்லை. காலையில் நாலு இட்லி தின்றுவிட்டு, நல்ல புத்தியோடு உட்கார்ந்துதான் எழுதுகிறேன்: கூடாது.

போன கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சென்னையிலிருந்து வந்திறங்கினார்கள். மாப்பிள்ளைக்குப் பழைய வாட்ச் என்றால் உயிர். எங்கள் வீட்டில் ஆட்டுரலைக்கூட ஒருதரம் ஏறிட்டுப் பார்க்காத மனுஷர், பீரோவில் கிடந்த என் வாட்சைப் பார்த்ததும் சட்டையின் கையை மடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டார்.

"மாமா, இது ஒரிஜினல் ரேடியம் டயல்."

"ஆமா மாப்ள, ரேடியம் வாட்ச்சுதான்."

"பெயிண்ட் எல்லாம் செத்துப்போச்சு. நம்பர்ல பாதி உதிர்ந்திருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். பழைய பெயிண்ட்டை எடுத்துட்டு, புதுசாப் பூசி, டயலையே புத்தம்புதுசா ஆக்கிடுவார். ராத்திரி பச்சையா ஜொலிக்கும். உங்க எழுபதாவது பிறந்தநாளுக்கு என் கிஃப்ட்டு. ஞாயித்துக்கிழமை போகும்போது எடுத்துட்டுப் போறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "எடுத்துட்டுப் போங்க மாப்ள. அது கெடந்து என்ன செய்யப்போகுது? இவியளும் கட்ட மாட்டாவ, யாருக்கும் குடுக்கவும் மாட்டாவ."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை கேட்டு மாமனார் இல்லை என்று சொல்கிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளை கேட்காமலே கொடுத்துத்தான் பழக்கம். இதில் அவர் கேட்கக்கூட இல்லை, தருகிறேன் என்கிறார். தருகிறவரிடம் எப்படி மாட்டேன் என்பது? 'பார்ப்போம் மாப்ள' என்றேன். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம். அதை அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.



இந்த வாட்ச் என்னிடம் வந்த கதையில் பெருமை ஒன்றுமில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவர் ஊர் திரும்பி வந்து, கையில் கட்டியிருந்ததைக் கழற்றி விற்றார். வாங்கின ஆளிடமிருந்து நான் வாங்கினேன். சுவிஸ் என்றார்கள். கறுப்பு முகம், மஞ்சள் எண்கள், பருத்த முட்கள். எனக்கு அப்போது தனியார் பஸ் முதலாளிகள் சேர்ந்து வைத்திருந்த டைம் ஆபீசில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எந்த நிமிஷத்தில் கிளம்ப வேண்டுமோ, அந்த நிமிஷத்தில் விசில் அடித்துக் கிளப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலை. அந்த ஒரு நிமிஷத்துக்காக மனுஷன் மனுஷனைக் கடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடித்தது என்று சும்மா அழகுக்குச் சொல்லவில்லை. ஒரு கிளீனர் இன்னொரு கிளீனரின் தோளில் பல் பதித்திருந்தான்.

காரணம் எளிது. கழுகுமலைக்கு நாலு ஐம்பதுக்கு முதல் வண்டி. ஐந்து மணிக்கு அதே பாதையில் அடுத்த முதலாளியின் வண்டி. முதல் வண்டி இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றால், ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி மூட்டை முடிச்சோடு வருகிற சனம் அதில் ஏறிவிடும். இரண்டாவது வண்டி வெறும் சீட்டை ஏற்றிக்கொண்டு போகும். அதனால் முதல் வண்டிக்காரனுக்கு எப்போதும் மணி ஆகியிருக்காது. இரண்டாவது வண்டிக்காரனுக்கு எப்போதும் மணி தாண்டியிருக்கும். எங்கள் டீக்கடைக்காரர் சொல்வார்: "இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல சூரியனே உதிக்கப் பயப்படும்."

விடிகாலையில் கரண்ட் இருக்காது. இருந்தாலும் ஒற்றை மஞ்சள் பல்புதான், அதுவும் தூரத்தில். கோவில்பட்டியில் தீப்பெட்டிக்கா பஞ்சம், ஒரு குச்சியை உரசிப் பார்க்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்பார்கள். உரசிப் பார்த்தோம். கரிசல் காட்டுக் காற்று தடுப்பே இல்லாமல் நேராக வந்து குச்சியை ஊதும். கையால் மறைத்தால் ஆடுகிற வெளிச்சத்தில் முள்ளுக்கு நிழல் விழுந்து இரண்டு முள்ளாகத் தெரியும். ஒருத்தன் முள்ளைப் படிப்பான், இன்னொருத்தன் நிழலைப் படிப்பான். சரி, முதல் வண்டியின் உள்விளக்கில் பார்ப்போம் என்றால் இரண்டாவது வண்டிக்காரன் வரமாட்டான். "அவன் வண்டி வெளிச்சத்துல அவன் மணிதான் தெரியும்" என்பான்.

அதனால் துண்டு வந்தது.

யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்த வழக்கம் இருந்தது. தகராறு என்று வந்தால் டைம் கீப்பர் கையை நீட்ட வேண்டும். இரண்டு வண்டி ஆட்களும் ஆளுக்கொரு பக்கம் குனிய வேண்டும். மூன்று தலைக்கும் மேலே ஒரு துண்டைப் போர்த்த வேண்டும். உள்ளே காற்று கிடையாது, வேறு வெளிச்சம் கிடையாது. ரேடியம் மட்டும் தன் வெளிச்சத்தில் பச்சையாக எரியும். அது எவன் முதலாளி வெளிச்சமும் இல்லை. மூன்று பேரும் மணியைச் சொல்லி ஒத்துக்கொண்ட பிறகு துண்டை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு பேச்சு கிடையாது. உள்ளே பீடி நாற்றமும், தூக்கம் கலையாத வாய் நாற்றமும், தலையில் தேய்த்த எண்ணெய் வாசமும் ஒன்றாக முட்டும். நீதி என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த வாசம்தான்.

துண்டு யாருடையது என்பதில்கூடத் தகராறு வந்தது உண்டு. கடைசியில் டீக்கடைக்காரர் துண்டுதான் பொது என்று முடிவானது. அதில் பால் வாடையும் சேர்ந்துகொண்டது.

ரேடியம் திடீரென்று சாவதில்லை. அது மனுஷன் காது மந்தமாவதுபோல. நமக்கே தெரியாது. முதலில் கையை நீட்டினாலே தெரிந்தது, பிறகு கண்ணைச் சுருக்கினால்தான் தெரிந்தது. பிறகு, தெரிகிறது என்று முன்கூட்டியே முடிவு பண்ணிக்கொண்டு பார்த்தால் தெரிந்தது. ஒரு தீப்பெட்டி ஆபீஸ் போர்மேன், அடிக்கடி எங்கள் வண்டியில் போகிறவர், விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார். "அண்ணாச்சி, நம்ம ஆபீசுல பெட்டிப் பக்கத்துக்குப் பூசுத மருந்து இருக்கு. ஒரு சொட்டு தரட்டா? ரேடியம் மாதிரியே எரியும்" என்றார். எங்கள் ஊரில் எது எரிந்தாலும் அது தீப்பெட்டி மருந்துதான் என்று ஒரு நம்பிக்கை. நானும் நம்பிப் பொட்டலத்தை வாங்கிவந்துவிட்டேன். வாட்சின் கண்ணாடியைக் கழற்ற நெம்பிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரி பார்த்தாள். "மணி பாக்கவா, இல்ல கையைக் கொளுத்திக்கிடவா?" என்று பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டாள். இல்லையென்றால் என் வாட்சின் முகம் அன்றைக்கே போயிருக்கும்.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச்சை வாட்சின்மேல் வைத்து ரொம்ப நேரம் அமுக்குவேன். அந்த வெளிச்சத்தைக் குடித்துவிட்டு, ரேடியம் கொஞ்ச நேரம் மங்கலாக எரியும். துண்டுக்குள் போகிற வரைக்கும் தாங்கும். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. வேறு வாட்ச் வாங்கியிருக்கலாம். வாங்கினால், ஏன் வாங்கினீர் என்று கேட்பார்கள். பழசு சரியில்லை என்று சொல்ல வேண்டும். சரியில்லை என்றால் நேற்று வரைக்கும் சொன்ன மணி என்ன மணி?

அந்த நாள் வந்தது. டார்ச்சில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. வெளியே ரயில் ஊதிவிட்டது, மதுரையிலிருந்து தாமதமாக வந்த ரயில். கழுகுமலையில் ஏதோ பெரிய கல்யாணம், அன்றைக்குக் கூட்டம் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். இரண்டாவது வண்டிக் கண்டக்டர் வந்து என் முன்னால் நின்றார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். தாட்டியமான ஆள், பேச்சும் தாட்டியம்.

"அண்ணாச்சி, அம்பதாச்சு. அவனை எடுக்கச் சொல்லும்."

முதல் வண்டி டிரைவர் சீட்டில் இருந்தபடியே கத்தினார். "எங்கவே அம்பதாச்சு? உம்ம வீட்டுச் சேவல் சொல்லுச்சா?"

"சேவல் சொல்லல வே. உம்ம வண்டிதான் நின்னு நின்னு முட்டை போட்டுருச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டிரைவர் இறங்கிவிட்டார். டீக்கடைக்காரர் அப்போதுதான் பெட்ரோமாக்ஸுக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார், இன்னும் பற்றவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள்மேல் வீசினார். மூன்று தலையும் குனிந்தன.

ஒன்றும் தெரியவில்லை.

மங்கல் என்றுகூடச் சொல்ல முடியாது. அடைத்த இருட்டு. வாட்ச் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. டைம் கீப்பர் முதலில் சொல்ல வேண்டும் என்பது முறை. நான் சொன்னேன்: "நாலு நாப்பத்தெட்டு."

டிரைவர் உடனே "ஆமா, நாப்பத்தெட்டு" என்றார். அவருக்கென்ன, இரண்டு நிமிஷம் லாபம்.  கண்டக்டரின் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. என் வேலை, என் பேர், எல்லாம் அந்த ஆளின் வாயில் தொங்கியது.

"ஆமா" என்றார். "நாப்பத்தெட்டுதான்."

துண்டை எடுத்தோம். நான் மனசுக்குள் நூற்றிருபது எண்ணி விசில் அடித்தேன். அதற்குள் ஸ்டேஷன் சனம் வந்துவிட்டது. பட்டுச்சேலையும், தாம்பாளத் தட்டும், தூங்குகிற பிள்ளைகளுமாக மொத்தமும் முதல் வண்டியில் ஏறியது. படியில் தொங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது வண்டியில் ஒரு கிழவரும் இரண்டு வாழைத்தாரும். கண்டக்டர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பெட்ரோமாக்ஸ் பற்றிக்கொண்டதும் நான் டீக்கடைக்குப் போய்க் கையைத் திருப்பிப் பார்த்தேன். நாலு ஐம்பத்திமூன்று. விசில் அடித்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அப்படியென்றால் நான் நாற்பத்தெட்டு என்று சொன்னபோது மணி ஐம்பது. அவர் சொன்னதுதான் சரி. சரியான மணியைச் சொன்ன ஆள், என் தப்பு மணியை, ஒன்றும் தெரியாத இருட்டுக்குள் நின்று, ஆமா என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாளே புது வாட்ச் வாங்கினேன். பழையது பழுது என்று யாரிடமும் சொல்லவில்லை, மகள் பிறந்தாள், அதற்காக வாங்கினேன் என்று சொன்னேன். மகள் பிறந்ததும் உண்மைதான். பழையதைப் பீரோவில் போட்டேன். சாவி கொடுப்பாரில்லாமல் அது தன்பாட்டில் நின்றது. இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அது நின்ற இடத்தில் முட்களுக்கு அடியில் முகத்தில் பழுப்பாக ஒரு நிழல் பதிந்திருக்கிறது. ரேடியம் ஒரே இடத்தில் கிடந்து சுட்ட தழும்பாம், மாப்பிள்ளை காட்டினார். மணி இரண்டு பத்து. "அந்த நேரத்துல என்ன நடந்துச்சு மாமா?" என்று ஆசையாகக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. சாவி தீர்ந்த நேரம். எல்லாத் தழும்புக்கும் கதை கட்ட என்னால் ஆகாது. கதை இருப்பது எரியாமல் போன முட்களில், தழும்பில் இல்லை.

சனிக்கிழமை காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மாப்பிள்ளையிடம் மாட்டேன் என்று சொல்ல வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்வதென்றால் அதில் பாதி இன்னொருத்தருடையது. அவரைக் கேட்காமல் எப்படிச் சொல்வது?

அந்தக் கண்டக்டர் இப்போது மகன் வைத்திருக்கிற கடலைமிட்டாய்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார். கடைத்தெருவில் எத்தனையோ தடவை எதிர்ப்பட்டிருக்கிறோம். சௌக்கியமா, சௌக்கியம். அதற்குமேல் போனதில்லை. கடைக்குள் பாகு காய்ச்சுகிற வாடை. ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரும் அண்ணாச்சி. என்ன, வாட்ச்ச கையில பிடிச்சிக்கிட்டு வாரீரு? என் கடைக்கும் விசில் அடிக்கப் போறீரா?"

நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு, கழுகுமலைக் கல்யாணக் கூட்டம் போன அன்னைக்கு, துண்டுக்குள்ள உமக்கு முள்ளு தெரிஞ்சுதா?"

அவர் கையிலிருந்த கடலைமிட்டாயை இரண்டாக ஒடித்தார். பாதியை என்னிடம் நீட்டினார். "அப்பாடி. வந்துட்டீரே வே. நானும் எப்ப வருவீரு, எப்ப வருவீருன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். எனக்குப் பேரன் பொறந்து அவன் காலேஜுக்கே போயிட்டான்."

"தெரிஞ்சுதா, இல்லையா?"

"என்னத்தத் தெரிஞ்சுது? பானைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருந்துச்சு. உமக்கும் தெரியல, அந்தத் தடிப்பய டிரைவருக்கும் தெரியல. மூணு பேரும் இருட்டப் பாத்து மணி சொன்னோம்."

"அப்புறம் ஏம் ஆமான்னீரு? நீரு சொன்ன மணிதான் சரி. நான் அப்புறம் பாத்தேன்."

"சரின்னு எனக்கும் தெரியும், எங்க வண்டி வெளக்குல என் வாட்ச்சப் பாத்துட்டுத்தானே வந்தேன். என் வாயில எப்பவும் ரெண்டு நிமிசம் கூடத்தான் வரும். அன்னைக்கு ஒரு நாள்தான் உள்ளதச் சொன்னேன், அன்னைக்குப் பாத்தா உம்ம ரேடியம் செத்துது." சிரித்தார். சிரிப்பை உடனே நிறுத்திக்கொண்டார். "இங்கன பாரும். நான் துண்ட உருவிட்டு, 'ஒண்ணும் தெரியல, அண்ணாச்சி கப்ஸா அடிக்காரு'ன்னு சொல்லியிருந்தா அன்னைக்கு என் வண்டி ரொம்பியிருக்கும். மறுநாள் காலையில? எவன் உம்ம மணிய மதிப்பான்? முந்தின மாசம்தான் ஒரு பய தோள்ல பல்லு பதிஞ்சுது. மறுநாள் கம்பி பதிஞ்சிருக்கும். எனக்கு வீட்டுல மூணு பிள்ளைய. நான் முழு உடம்பாப் போயி வரணும். உம்ம மேல உள்ள பாசத்துல ஆமான்னேன்னு நெனச்சிராதீரு."

"நெனக்கல."

"கோவம் இருக்கு. இப்பவும் இருக்கு. அந்தப் பட்டுச்சேலைக் கூட்டம் பூரா என் கண்ணு முன்னாடி ஏறுச்சு. முதலாளி என்னையக் கிழிச்சுத் தொங்க விட்டான். ஆனா கோவம் உம்ம மேலதான், வாட்ச் மேல இல்ல. அதை ஏம் இப்பத் தூக்கிட்டு அலையுதீரு?"

மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னேன். பழைய பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசப் போகிறார்கள், பச்சையாக ஜொலிக்குமாம் என்றேன். அவர் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினார்.

"அப்ப நான் பொய்க்காரனாயிருவேன்."

"எப்படி?"

"நாளைக்கு நான் எவன்கிட்டயாச்சும், இருட்டுக்குள்ள நின்னு ஒத்துக்கிட்டேன்டான்னு சொல்லுதேன்னு வையும். அவன் உம்ம வாட்ச்ச வாங்கிப் பாப்பான். அது பளபளன்னு எரியும். 'இதுலயா தெரியல? கெழவன் பெனாத்துதான்'ன்னு சொல்லுவான். எனக்கு இருக்கிற ஒரே சாச்சி அந்தச் செத்த ரேடியம். அதுக்குப் போயி உயிர் குடுக்கேங்கீரே. சும்மாக் கெடக்கட்டும் வே."

அவ்வளவுதான். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எழுந்து வரும்போது, "நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வாரும்" என்றேன். "சோறு உண்டா?" என்றார். "மாப்பிள்ளை வந்திருக்காருல்ல, கோழி" என்றேன். "அப்ப வாரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளை பஞ்சு வைத்த சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டர் வெற்றிலை போட்டபடி நாற்காலியில் இருந்தார். அவரை என் பழைய கூட்டாளி என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். மகளும் வீட்டுக்காரியும் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"வாட்ச்சு மாமா?"

"தரல மாப்ள."

கழுவுகிற சத்தம் நின்றது. என் வீட்டுக்காரி ஈரக் கையோடு வந்து நிலையில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் நான் மாப்பிள்ளையைக் கைநீட்டி அடித்துவிட்டதுபோல இருந்தது.

மாப்பிள்ளை நல்ல மனுஷர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கோபப்படவில்லை. "கெடுத்துருவாங்கன்னு பயப்படறீங்களா? எங்க வாட்ச் குரூப்லயே பாதிப் பேர் பழைய டயலைத் தொடாதேன்னுதான் சொல்வாங்க. ஒத்துக்கறேன். அப்ப ஒண்ணு பண்ணலாம். டயலைத் தொட வேண்டாம். முள்ளுல மட்டும் புதுசாப் பூசிடலாம். மணியும் தெரியும், பழசும் இருக்கும்."

நியாயமான பேச்சு. ஐம்பது வயதில் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன்.

"முள்ளும் வேண்டாம்."

"ஏங்க, உங்களுக்குக் கிறுக்கா?" என்றாள் வீட்டுக்காரி. "மாப்ள எவ்வளவு எறங்கி வாராவ!"

"கிறுக்குன்னே வச்சிக்கோ. வேண்டாம்னா வேண்டாம்."

"மாமா, ரேடியம் ஆபத்தும்கூட" என்றார் மாப்பிள்ளை. "வெளிச்சம்தான் போயிருக்கு. ரேடியம் அப்படியேதான் இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும். அதோட கதிர் அடிக்க அடிக்க ஒளி விடுற பவுடர் ஒண்ணு கலந்திருப்பாங்க. அந்தப் பவுடர்தான் செத்துப்போச்சு."

கண்டக்டர் வெற்றிலை வாயோடு நிமிர்ந்தார். "அதாவது, கண்டக்டர் விசில் அடிச்சிக்கிட்டேதான் இருக்கான். டிரைவர்தான் எறங்கிப் போயிட்டான். அப்படித்தானே?"

மாப்பிள்ளை யோசித்தார். "அப்படியேதான்" என்றார்.

"அப்ப கழட்ட மாட்டேன், சுரண்ட மாட்டேன், அது மூடினபடிக்கே பீரோவுல இருக்கும்" என்றேன். "அதுல உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்ல. நான் வேண்டாங்கறது வேற காரணத்துக்கு."

சொன்னேன். டார்ச்சை அமுக்கியது, பேட்டரி தீர்ந்தது, இருட்டைப் பார்த்து நாற்பத்தெட்டு என்றது, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஐம்பத்திமூன்றைப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீட்டில் என்னை நிமிஷம் தவறாத மனுஷன் என்று சொல்லித்தான் மகளை வளர்த்தார்கள். ஸ்கூலுக்கு லேட்டானால் 'உங்க அப்பாவப் பாரு' என்பாள் என் வீட்டுக்காரி. அந்த மகள் தட்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நீங்க கப்ஸா அடிச்சீங்களா?" என்றாள்.

"ஆமா."

"வருஷக்கணக்கா எனக்கு மட்டும் பேச்சு!" என்று தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். அது சிரிப்புதானா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

மாப்பிள்ளை பெட்டியை மூடவில்லை. வாட்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம்கூடவா தெரியாது? நல்லா இருட்டுல கண்ணு பழகினா லேசாத் தெரியும்னு சொல்வாங்களே."

கண்டக்டர் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை உருவினார். "வாரும் மாப்ள. வந்து பாரும். அண்ணாச்சி, கைய நீட்டும்."

மத்தியானம் மூன்று மணி வெயில் முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. என் வீட்டுக் கூடத்தில் நான் கையை நீட்டினேன். மூன்று தலையும் குனிந்தன. துண்டு விழுந்தது. உள்ளே வெற்றிலை வாசம், கோழிக்குழம்பு வாசம், மாப்பிள்ளை போட்டிருந்த சென்ட் வாசம். எண்ணெயும் பீடியும் மட்டும்தான் குறைச்சல். வாட்ச் ஓடுகிற சத்தம் கேட்டது. காலையில் நான்தான் சாவி கொடுத்திருந்தேன்.

 டைம் கீப்பர்தான் முதலில் சொல்ல வேண்டும். நான் சொன்னேன்:

"ஒண்ணும் தெரியல."

"ஒண்ணும் தெரியல மாமா" என்றார் மாப்பிள்ளை.

பக்கத்தில் கண்டக்டரின் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. அன்றைக்குப் போலவே.

"நாலு நாப்பத்தெட்டு" என்றார் கண்டக்டர். துண்டுக்குள்ளேயே வெடித்துச் சிரித்தார். வெற்றிலைச் சாறு என் கைமேல் தெறித்தது. வாட்சின் கண்ணாடியிலும் இரண்டு சொட்டு.

துண்டை எடுத்தபோது மாப்பிள்ளையின் கண்ணும் கலங்கியிருந்தது, சிரிப்பினாலா வெற்றிலைக் காரத்தினாலா தெரியாது. பஞ்சுப் பெட்டியை மூடிப் பைக்குள் வைத்தார். காலியாகத்தான் வைத்தார். பிறந்தநாளுக்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். நல்ல டார்ச் ஒன்று வாங்கித் தரச் சொன்னேன்.

வெற்றிலைச் சொட்டை வேட்டி நுனியால் துடைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன், அவ்வளவுதான். அதற்கு உள்ளே இருப்பதை யாரும் தொடக் கூடாது.